கேஸ் புத்தகம் யாருக்குக் கிடைக்கும்?

காசு இருந்தால் கடைக்குப் போய் ஒரு கேஸ் அடுப்பு வாங்கி வந்துவிடலாம். ஆனால் அடுப்பு மட்டும் இருந்தால் எரியுமா? எரியாது. சிலிண்டர் வேண்டும். மானிய விலையில் வீட்டுச் சிலிண்டர் வேண்டுமானால் கேஸ் இணைப்பு இருக்க வேண்டும். இணைப்பு இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஒரு சின்னப் புத்தகம். கேஸ் ஏஜென்சியில் அதைக் கொடுப்பார்கள். நுகர்வோர் அட்டை என்று அதற்குப் பெயர். மக்கள் கேஸ் புத்தகம் என்கிறார்கள்.

அந்தப் புத்தகத்தில் யார் பெயரில் இணைப்பு என்று எழுதியிருக்கும். முகவரி இருக்கும். ஏஜென்சியின் பெயர் இருக்கும். நுகர்வோர் எண் என்று ஓர் எண் இருக்கும். சிலிண்டர் வந்த தேதியைக் குறிக்கக் கட்டங்கள் இருக்கும். பார்ப்பதற்குச் சாதாரணப் புத்தகம்தான். ஆனால் இதைக் கையில் வாங்குவதற்குள் பல பெண்கள் நான்கைந்து முறை அலைந்திருக்கிறார்கள். சிலருக்குக் கிடைக்கவே இல்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை.

யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது, ஏன் என்பதைப் பார்ப்போம்.

முன்பு இருந்த நிலை

நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டு மும்பையில் சமையல் கேஸ் விற்கத் தொடங்கினார்கள். 1965-இல் கல்கத்தாவில் இண்டேன் கேஸ் வந்தது. ஆனால் பல ஆண்டுகள் வரை கேஸ் என்பது நகரத்துப் பொருளாகவே இருந்தது. நகரத்தில்கூட எல்லாருக்கும் கிடைக்கவில்லை. பெயரைப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேஸ் இணைப்புக்கான கூப்பன்கள் இருந்தன. அதை வாங்கச் சிபாரிசு தேடி அலைந்தவர்கள் உண்டு. ஓர் அடுப்பு எரிய நாடாளுமன்ற உறுப்பினர் தயவு வேண்டியிருந்தது!

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது எந்த வீட்டில் எதை வைத்துச் சமைக்கிறார்கள் என்றும் கேட்டார்கள். 100 வீடுகளில் ஏறக்குறைய 49 வீடுகளில் விறகு எரிந்தது. 9 வீடுகளில் வைக்கோல், சோளத்தட்டை போன்ற பயிர்க் கழிவுகள். 8 வீடுகளில் வறட்டி. கேஸ் எரிந்தது சுமார் 28 வீடுகளில்தான்.

விறகும் வறட்டியும் எரிந்தால் புகை வரும். அந்தப் புகை சமைப்பவரின் நெஞ்சுக்குள் போகிறது. தாயின் அருகில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் நெஞ்சுக்குள்ளும் போகிறது. இருமல், கண் எரிச்சல், நிமோனியா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் எல்லாம் இதனால் வருகின்றன. வீட்டுக்குள் சூழும் புகையால் 2020-இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அடுப்புப் புகையைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது.

ஏழை வீடுகளுக்குக் கேஸ் கொடுக்கச் சில மாநிலங்கள் முன்பே முயன்றன. ஆந்திராவில் 1999-இல் தீபம் என்ற திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2007-இல் இலவச கேஸ் அடுப்பும் இணைப்பும் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு 2016 மே 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் பலியா என்ற ஊரில் மத்திய அரசின் உஜ்வலா திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். உஜ்வலா என்றால் ஒளி மிக்கது என்று பொருள். 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் கொடுக்கப்பட்டன. 2021 ஆகஸ்ட் 10-ஆம் தேதி இரண்டாம் கட்டம் தொடங்கியது. 2025-ஆம் ஆண்டு நடுவில் மொத்த இணைப்புகள் 10 கோடியே 33 லட்சம் ஆயின. அதே ஆண்டு செப்டம்பரில் இன்னும் 25 லட்சம் இணைப்புகளுக்கு அரசு அனுமதி கொடுத்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் இத்தனை இணைப்புகள் என்று ஓர் எண்ணிக்கை வைக்கிறார்கள். அந்த எண்ணிக்கை முடிந்தால் அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஏஜென்சிக்குப் போனதும் முதலில் கேட்க வேண்டியது, "இப்போது உஜ்வலா பதிவு நடக்கிறதா?" என்பதுதான்.

மூன்று கேள்விகள்

இந்தத் திட்டத்தில் கேஸ் புத்தகம் பெற மூன்று கேள்விகளுக்குச் சரியான பதில் வேண்டும்.

முதல் கேள்வி: விண்ணப்பம் செய்பவர் 18 வயது முடிந்த பெண்ணா?

இணைப்பு பெண்ணின் பெயரில்தான் கொடுக்கப்படும். வீட்டுக்காரர் பெயரில் கேட்டால் கிடைக்காது. வீட்டில் பெண்ணே இல்லாத ஆணுக்கும் இந்தத் திட்டத்தில் இடம் இல்லை. விதி இப்படி இருந்தும், தொடக்கத்தில் ஆண்கள் பெயரிலும் இணைப்புகள் போயின. 18 வயது ஆகாதவர் பெயரிலும் போயின. மத்திய அரசின் தணிக்கைத் துறை 2019-இல் தந்த அறிக்கையில் இதைச் சுட்டிக்காட்டியது. விதியைப் படித்துப் பார்க்க வேண்டிய கணினி அதைப் பார்க்கவில்லை!

இரண்டாவது கேள்வி: அந்த வீட்டில் ஏற்கெனவே கேஸ் இணைப்பு இருக்கிறதா?

இருந்தால் புதிய இணைப்பு கிடையாது. இண்டேன், பாரத் கேஸ், எச்.பி. கேஸ் என்று மூன்று கம்பெனிகள் உள்ளன. மூன்றில் எதில் இருந்தாலும் இருப்பதுதான். தமிழ்நாட்டில் 2007 முதல் இலவசமாகக் கிடைத்த இணைப்பும், ஆந்திராவில் தீபம் திட்டத்தில் வந்த இணைப்பும் இந்தக் கணக்கில் வரும். சிலிண்டர் வாங்காமல் மூலையில் கிடந்தாலும் அது இணைப்புதான்.

மூன்றாவது கேள்வி: அது ஏழைக் குடும்பமா?

2016-இல் இதற்கு ஒரே ஒரு பட்டியலைத்தான் பார்த்தார்கள். 2011-இல் எடுத்த சமூக, பொருளாதாரக் கணக்கெடுப்பின் பட்டியல் அது. பட்டியலில் பெயர் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கணக்கு எடுக்க வந்த அன்று செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போயிருந்த குடும்பங்கள் எத்தனை இருந்திருக்கும்! அவர்கள் பெயர் எப்படிப் பட்டியலில் ஏறும்? பிறகு வழியை அகலமாக்கினார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், அந்தியோதயா ரேஷன் அட்டை வைத்திருப்பவர்கள், பிரதமரின் கிராம வீட்டுத் திட்டத்தில் வீடு பெற்றவர்கள், காட்டில் வாழ்பவர்கள், தேயிலைத் தோட்டப் பழங்குடியினர், தீவுகளிலும் ஆற்றுத் திட்டுகளிலும் வாழ்பவர்கள் ஆகியோர் சேர்க்கப்பட்டனர். அசாமில் பிரம்மபுத்திரா ஆற்றுக்கு நடுவே மணல் திட்டுகளில் ஊர்களே இருக்கின்றன. வெள்ளம் வந்தால் அந்தத் திட்டே இடம் மாறிவிடும். அப்படிப்பட்ட ஊர்ப் பெண்களும் இதில் வருகிறார்கள்.

இந்தப் பிரிவு எதிலும் வராத ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? அதற்கு ஓர் உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. மாத வருமானம் எவ்வளவு, வருமான வரி கட்டுபவர் யாராவது உண்டா, அரசு வேலையில் யாராவது உண்டா, பாசன நிலம் எவ்வளவு, மூன்று சக்கர அல்லது நான்கு சக்கர வண்டி சொந்தமாக உண்டா என்பது போன்ற விவரங்கள் அதில் வரும். படித்துப் பார்த்து, உண்மை என்றால் கையெழுத்துப் போட வேண்டும். யாரோ நிரப்பிய படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது. பொய் என்று தெரிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர்தான், நிரப்பியவர் அல்ல.

ஒரு வீடு என்றால் எது?

மூன்று கேள்விகளில் பெண்களை அதிகம் திணற வைப்பது இரண்டாவது கேள்விதான். "எங்கள் வீட்டில் கேஸ் இல்லையே, ஏன் இல்லை என்கிறார்கள்?" என்று பலர் கேட்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். உத்தரப் பிரதேசத்தில் ஒரு கிராமம். மாமியார், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், குழந்தைகள். முன்பு எல்லாரும் ஒரே சமையல். மாமியார் பெயரில் ஒரு கேஸ் இணைப்பு வாங்கினார்கள். பிறகு சண்டை வந்தது. இளைய மகன் தனியாகப் போய்விட்டார். அதே முற்றத்தில் வேறு அடுப்பு. இளைய மருமகள் வறட்டி வைத்துச் சமைக்கிறார். அவர் கேஸ் இணைப்புக்கு விண்ணப்பம் செய்கிறார். விண்ணப்பம் திரும்பி வருகிறது. காரணம் என்ன?

ஊர்க்காரர் கண்ணுக்கு அது இரண்டு வீடு. அடுப்பு இரண்டு, கதவு இரண்டு. ஆனால் கேஸ் ஏஜென்சிக்கு ஒரு வீடு என்றால் ஒரு ரேஷன் அட்டை. அந்த அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம். மாமியாரின் ரேஷன் அட்டையில் இளைய மருமகள் பெயரும் இருக்கிறது. எனவே அவருக்கு ஏற்கெனவே கேஸ் இருப்பதாகக் கணக்கு.

சும்மா பேசி இதைச் சரிசெய்ய முடியாது. ஏஜென்சிக்காரரிடம் சண்டை போட்டும் பயன் இல்லை. விண்ணப்பத்தோடு வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாருடைய ஆதார் எண்ணையும் வாங்குகிறார்கள். மூன்று கம்பெனிகளின் கணக்கிலும் அந்த எண்களைத் தேடிப் பார்க்கிறார்கள். ஓர் எண் அகப்பட்டாலும் விண்ணப்பம் நின்றுவிடும்.

இதற்கு வழி ரேஷன் அலுவலகத்தில்தான் இருக்கிறது. இளைய மகன் குடும்பத்தின் பெயர்களைப் பழைய அட்டையிலிருந்து நீக்க வேண்டும். அவர்களுக்குத் தனி அட்டை வாங்க வேண்டும். அந்த அட்டை வந்த பிறகுதான் கேஸ் ஏஜென்சிக்குப் போக வேண்டும். முதலில் ரேஷன் அட்டை, அப்புறம் கேஸ். வரிசை மாறினால் அலைச்சல்தான் மிச்சம்.

புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கும் இதே சிக்கல் வரும். அவர் பெயர் இன்னும் அப்பா வீட்டு அட்டையில் இருக்கும். அம்மாவுக்குக் கேஸ் இணைப்பு இருக்கும். கணவர் வீட்டிலோ கேஸ் இருக்காது. அப்பா வீட்டு அட்டையில் பெயரை நீக்கி, கணவர் வீட்டு அட்டையில் சேர்த்தால்தான் சரியாகும். கல்யாணம் ஆனதும் இதைச் செய்துவிடுவது நல்லது. அரிசி, கோதுமைக்கும் இது தேவை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த விஷயம் புதிது அல்ல. முன்பு ரேஷன் அட்டையில் ஒரு சிலிண்டர், இரண்டு சிலிண்டர் என்று முத்திரை குத்துவார்கள். அதைப் பார்த்துத்தான் மண்ணெண்ணெயைக் குறைத்தார்கள். ரேஷன் அட்டைக்கும் கேஸுக்கும் உள்ள உறவு பழைய உறவு.

இணைப்பு இறந்துபோன மாமனார் பெயரிலேயே இருக்கும் வீடுகளும் உண்டு. அந்த வீட்டில் புது இணைப்புக்கு முயல்வதைவிடப் பழைய இணைப்பைக் குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். இறப்புச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள்.

கொண்டு போக வேண்டிய காகிதங்கள்

விண்ணப்பம் செய்யும் பெண்ணின் ஆதார் அட்டை. வீட்டில் உள்ள மற்ற பெரியவர்களின் ஆதார் அட்டைகள். ரேஷன் அட்டை. வங்கிப் பாஸ்புக். வங்கிக் கிளையின் குறியீட்டு எண் பாஸ்புக்கிலேயே அச்சாகியிருக்கும். சாதிப் பிரிவில் விண்ணப்பம் செய்தால் அதற்கான சான்று. அசாம், மேகாலயா மாநிலங்களில் மட்டும் ஆதாருக்குப் பதில் வேறு அடையாளச் சான்றுகளை ஏற்க விதியில் இடம் கொடுத்திருந்தார்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒரு வேலை செய்ய வேண்டும். எல்லாக் காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். வட மாநிலங்களில் பெண்கள் பெயருக்குப் பின்னால் தேவி என்று சேர்ப்பார்கள். ஆதாரில் தேவி இருக்கும், ரேஷன் அட்டையில் இருக்காது. தமிழ்நாட்டில் இனிஷியல் தகராறு. ஒன்றில் அப்பாவின் இனிஷியல், இன்னொன்றில் கணவரின் இனிஷியல். பிறந்த ஆண்டும் மாறியிருக்கும். பெயர் எழுதியவர் யாரோ ஒருவர், அலைய வேண்டியவர் இன்னொருவர்! படிக்கத் தெரியாத காலத்தில் இந்தத் தவறுகள் கண்ணில் படவே இல்லை. இப்போது படிக்கலாம். தவறு தெரிந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டு ஏஜென்சிக்குப் போகலாம்.

வங்கிக் கணக்கும் அதே பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். ஆதார் எண் அதில் இணைந்திருக்க வேண்டும். ஏன் என்றால் மானியப் பணம் அங்கேதான் வரும். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது உஜ்வலா வீடுகளுக்கு மூன்று சிலிண்டர்கள் இலவசம் என்று அரசு அறிவித்தது. சிலிண்டருக்கான பணத்தை முன்கூட்டியே வங்கிக் கணக்கில்தான் போட்டார்கள்.

விண்ணப்பத்தை மூன்று கம்பெனிகளில் எதன் ஏஜென்சியிலும் கொடுக்கலாம். பக்கத்தில் இருக்கும் ஏஜென்சியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சிலிண்டர் வீடு வந்து சேர வேண்டுமே! இணையத்திலும் விண்ணப்பிக்கலாம்.

வெளியூரில் பிழைப்பவர்கள்

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்காக வேறு மாநிலம் போகிறவர்கள் ஏராளம். ரேஷன் அட்டை ஊரில் இருக்கும். வேலை செய்யும் இடத்தில் முகவரிச் சான்று இருக்காது. வாடகை அறையில் மண்ணெண்ணெய் அடுப்பும் விறகும்தான். இவர்களுக்காக 2021-இல் ஒரு மாற்றம் வந்தது. இடம் பெயர்ந்து வாழும் குடும்பம் ரேஷன் அட்டைக்கும் முகவரிச் சான்றுக்கும் பதிலாகத் தன் கையால் ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுக்கலாம். அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள், எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று அதில் எழுத வேண்டும். ஏஜென்சியில் ரேஷன் அட்டை இல்லாமல் முடியாது என்று சொன்னால், இடம் பெயர்ந்தவர்களுக்கான உறுதிமொழிப் படிவத்தைக் கேட்க வேண்டும்.

குடும்பம் இல்லாமல் தனியாக வந்து அறையில் தங்கும் ஆண் தொழிலாளிக்கு உஜ்வலாவில் இடம் இல்லை. அவருக்கு வேறு வழி உண்டு. 5 கிலோ சின்னச் சிலிண்டர் வெளிச் சந்தையில் விற்கிறார்கள். இண்டேன் அதற்கு சோட்டு என்று பெயர் வைத்திருக்கிறது. சோட்டு என்றால் இந்தியில் பொடியன். அதை வாங்க முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். ஆனால் அதற்கு மானியம் கிடையாது.

எது இலவசம், எது இலவசம் இல்லை?

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

2016-இல் ஓர் இணைப்புக்கு அரசு 1,600 ரூபாய் கொடுத்தது. அது எதற்கெல்லாம் போனது? சிலிண்டருக்கு முன்பணம் 1,250 ரூபாய். ரெகுலேட்டருக்கு 150. ரப்பர் குழாய்க்கு 100. வீட்டுக்கு வந்து பொருத்திக் காட்டுவதற்கு 75. கேஸ் புத்தகத்துக்கு 25. கூட்டினால் 1,600. இத்தனை பேர் இத்தனை அலைச்சல் அலையும் அந்தப் புத்தகத்தின் விலை 25 ரூபாய்தான்.

இந்தக் கணக்கில் அடுப்பு இல்லை, முதல் சிலிண்டரில் உள்ள கேஸும் இல்லை என்பதைப் பாருங்கள். அன்று அவற்றுக்கு அந்தப் பெண்தான் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. பணம் இல்லாதவர்களுக்கு எண்ணெய்க் கம்பெனிகள் கடன் கொடுத்தன. அந்தக் கடனுக்கு மானியத்தைப் பிடித்துக்கொண்டன. "மானியம் வரும் என்றார்கள், ஒரு ரூபாயும் வரவில்லையே" என்று பல பெண்கள் வங்கி வாசலில் நின்றார்கள். கடன் வாங்கிய காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தது அவர்கள்தான். அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் படித்துக் காட்டவில்லை. பிறகு கடனைப் பிடிப்பதை அரசு சில காலம் தள்ளி வைத்தது. 2021-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் அடுப்பும் முதல் சிலிண்டரும் இலவசம் ஆயின.

ஆகவே இப்போது உஜ்வலா இணைப்புக்கு முன்பணம் கேட்டாலும், அடுப்புக்குப் பணம் கேட்டாலும், "படிவத்துக்கு 500 ரூபாய்" என்று தரகர் கேட்டாலும் கொடுக்க வேண்டியது இல்லை. படிவம் ஏஜென்சியில் இலவசம்.

இரண்டாவது சிலிண்டரிலிருந்து காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். முழு விலையையும் முதலில் கொடுக்க வேண்டும். பிறகு மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். 2022 மே மாதம் சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் என்று தொடங்கினார்கள். 2023 அக்டோபரில் அது 300 ரூபாய் ஆனது. 2025-26 ஆண்டுக்கு 9 சிலிண்டர்கள் வரை இந்த 300 ரூபாய் என்று முடிவு செய்தார்கள். மானியத் தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. புத்தகம் வாங்கும் அன்றே இந்த ஆண்டு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளலாம்.

கூலி வேலை செய்யும் வீட்டில் முழு விலையையும் ஒரே நாளில் புரட்டுவது எளிதா? இல்லை. அதனால்தான் 2019-20-இல் ஓர் உஜ்வலா வீட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 3 சிலிண்டர்தான் வாங்கினார்கள். 2024-25-இல் அது நாலரைக்கு அருகில் வந்தது. உயர்வுதான். ஆனாலும் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டு முழுவதும் அது போதாது. மழைக்காலத்தில் கேஸ், வெயில் காலத்தில் விறகு என்று ஓட்டுகிறார்கள். புத்தகம் இருக்கும் வீட்டிலும் புகை இருக்கிறது என்பதுதான் உண்மை. இப்படிப்பட்ட வீடுகள் 14.2 கிலோ சிலிண்டருக்குப் பதில் 5 கிலோ சிலிண்டர் கேட்டு வாங்கலாம். உஜ்வலாவிலேயே அதற்கு இடம் உண்டு. ஒரு முறை கொடுக்கும் பணம் குறைவு. மானியமும் எடைக்குத் தக்கபடி வரும். மலை ஊர்களில் தூக்கிக்கொண்டு போகவும் எளிது.

மானியம் நிற்காமல் வர ஆதார் சரிபார்ப்பும் கேட்கிறார்கள். கைரேகை வைத்தோ முகத்தைக் காட்டியோ அதைச் செய்யலாம். இதற்கும் கட்டணம் கிடையாது.

புத்தகத்தின் அட்டையில் 1906 என்ற எண்ணை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கேஸ் கசிந்தால் இரவிலும் பகலிலும் இந்த எண்ணுக்குப் போன் செய்யலாம். கசியும் வீட்டுக்குள் நின்று பேசாமல் வெளியே வந்து பேச வேண்டும். சுவிட்சைத் தொடவே கூடாது.

விண்ணப்பம் திரும்பி வந்தால்

"உங்களுக்குக் கிடையாது, போங்கள்" என்று சொன்னதும் திரும்பி வந்துவிடக் கூடாது. காரணம் என்ன என்று கேட்க வேண்டும். காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். வீட்டில் ஒருவர் பெயரில் இணைப்பு இருக்கிறது. பெயரோ பிறந்த தேதியோ பொருந்தவில்லை. வங்கிக் கணக்கில் ஆதார் இணையவில்லை. அல்லது இந்த முறைக்கான எண்ணிக்கை முடிந்துவிட்டது. முதல் மூன்றையும் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம். நான்காவதற்குக் காத்திருப்பதைத் தவிர வழி இல்லை.

சில வேளைகளில் முன்பின் தெரியாத இணைப்பு ஒன்று நம் ஆதார் எண்ணில் இருப்பதாகச் சொல்வார்கள். வேறு யாரோ அந்த எண்ணைப் பயன்படுத்தியிருக்கலாம். எந்தக் கம்பெனி, எந்த ஏஜென்சி, என்ன நுகர்வோர் எண் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். உஜ்வலா பற்றிய கேள்விக்கும் புகாருக்கும் 1800-266-6696 என்ற எண் இருக்கிறது. இதற்குப் போன் செய்யக் காசு ஆகாது.

விண்ணப்பம் கொடுத்த அன்று ஒரு ரசீதோ விண்ணப்ப எண்ணோ கொடுப்பார்கள். அதைப் பாஸ்புக்குக்குள் வைத்திருக்க வேண்டும். போனில் பேசும்போதும், ஏஜென்சிக்கு மறுபடி போகும்போதும் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.